மாப்பிள்ளை கட்டிவந்த பட்டாளத்து வாட்ச்

நேற்று பேரன் வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினைப் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், அடுப்பில் பால் இருப்பதையே மறந்து நின்றுவிட்டேன். உங்களுக்கு அது வெறும் பெட்ரோல். எனக்கு அது ஆவடி பட்டாளக் கிடங்கில் கடிகாரம் கழுவும் கிண்ணம்.

யுத்தத்தின்போது ஆண்கள் போதாமல் பெண்களையும் கிடங்கு வேலைக்கு எடுத்தார்கள். பட்டாபிராமில் வீடும் கோயிலும் தவிர வேறெதுவும் தெரியாத நானும் சேர்ந்தேன். ஒரு நீள மேசை, நான்கு பெண்கள். சிப்பாய்களிடமிருந்து திரும்பி வரும் கைக்கடிகாரங்களைத் திறந்து, பெட்ரோலில் கழுவி, ரகம் பிரிக்க வேண்டும். பின்மூடியில் அம்புக்குறி இருந்தால் சர்க்கார் சொத்து. மூடியை நெம்பினால் உள்ளே இயந்திரம்: எந்தக் கம்பெனி, அச்சு தேயாமலிருக்கப் பதித்த சிவப்புக் கல் எத்தனை, வெள்ளைத் தகடா மஞ்சள் தகடா? பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டால் எனக்குப் பசியே எடுக்காது. பைத்தியம் முற்றி, ஞாயிறு பூசையில் சாமியார் ஆசீர்வதிக்கக் கை தூக்கினால் நான் அவர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கர்த்தர் மன்னித்திருப்பார்.

யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. அப்போதுதான் கள்ளிக்குப்பத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ரயில் பட்டறையில் ஃபிட்டர். பெயர் ஞானமுத்து. கூட அவருடைய அம்மா. எங்கள் பக்கம் அம்மாவும் அண்ணனும். அண்ணனுக்கு அதே கிடங்கின் வாசலில் காவல் வேலை. வெளியே போகிறவர்களின் மடியையும் டிபன் பாக்ஸையும் சோதனை போடுகிறவர்.

நான் காபித் தட்டை நீட்டினேன். அவர் கை நீட்டியதும் சட்டைக் கை மேலேறியது. மணிக்கட்டில் வாட்ச்: கறுப்பு முகப்பு, பச்சையாய் மினுங்கும் எண்கள், நடுமுள்ளுக்குக் கீழே சின்னதாய் ஓர் அம்பு!

அவர் முகத்தை நான் இன்னும் பார்த்திருக்கவில்லை. வாட்சைப் பார்த்துவிட்டேன். என் கண் போன இடத்துக்கு அண்ணன் கண்ணும் போயிற்று.

"வாட்ச் ஜோரா கீதே தம்பி. எங்க புட்ச்சே?"

"ஏலத்துல எட்த்தேன் அண்ணாத்தே."

"மாட்டினவன் எல்லாம் அதான் சொல்றான். போன மாசம் ஒர்த்தன் சோத்துக்குள்ள ஒளிச்சிகினு வந்தான். இப்ப உள்ள கீறான்."

அவருடைய அம்மா படக்கென்று எழுந்தார். "எம்புள்ளயத் திருடன்னு சொல்லவா கூப்ட்டீங்கோ? வாடா போலாம்."

என் அம்மா கையைப் பிசைந்தார். மாப்பிள்ளையோ செருப்பு விட்ட இடத்தை நோக்கித் திரும்பிவிட்டார். வாசல் தாண்டினால் சம்பந்தம் போயிற்று. அண்ணன் மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மாப்பிள்ளையின் வேலையும் போயிற்று. பெண் வாய் திறக்கக்கூடாத நாள்தான். என்ன செய்ய, திறந்துவிட்டேன்.

"அதைக் கழட்டிக் குடுங்கோ."

அவர் திகைத்து, கழற்றிக் கொடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பின்மூடியைத் திருப்பினேன். பழைய அம்பு ஒன்று. அதன் முனையோடு முனை முட்டிக்கொண்டு இன்னோர் அம்பு, புதிதாக அடித்தது, ஓரம் இன்னும் பளபளத்தது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

"அண்ணா! ரெண்டு அம்பு! விக்கறப்பதான் எதிர் அம்பு அடிப்பாங்க. சர்க்காரே வித்துட்டாங்க. இது அவருதுதான்!"

அண்ணன் வாங்கிப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. "தப்பா பேசிட்டேன் தம்பி. உக்காரு" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். என் கை விடுமா? அண்ணனின் பேனாக்கத்தியை வாங்கி மூடியை நெம்பினேன். உள்ளே பதினைந்து கல் வெள்ளை இயந்திரம் இருக்க வேண்டிய இடத்தில், ஏழே கல்லோடு சின்ன மஞ்சள் இயந்திரம்.

"ஊடு ஒருத்தர்து, குடியிருக்கறது வேற ஒருத்தர். உங்கள ஏமாத்திட்டாங்க" என்றேன்.

முதல் தடவையாக அவர் சிரித்தார். "ஏமாத்தலீங்க. ஏலத்துல வெறுங்கூடுதான் வந்துது. பழைய லேடீஸ் வாட்ச்லேர்ந்து மிஷினை எட்த்து நான்தான் போட்டேன். லூசா இருந்துச்சி, சுத்தி வளையம் வெச்சேன்."

அப்போதுதான் கவனித்தேன். இயந்திரத்தைச் சுற்றி நூல் போல ஒரு பித்தளை வளையம், எங்கும் ஒரு பிசிறு இல்லை.

"இதை எந்த அரத்தால ராவினீங்கோ?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். நான் கேள்விமேல் கேள்வி கேட்டேன். இருவரும் ஜன்னல் ஓரத்தில் தலையோடு தலை வைத்து நின்றதை, அவருடைய அம்மா சொல்லித்தான் உணர்ந்தோம்.

"நாம பொண்ணு பாக்க வந்தோமா, கடியாரம் ரிப்பேருக்கு வந்தோமாடா?"

வீடு முழுக்கச் சிரிப்பு. கல்யாணம் அங்கேயே நிச்சயமாயிற்று.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் எங்கள் பிரிவை மூடினார்கள். பெண்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கடைசி நாள் நாங்கள் நால்வரும், தட்டுகளில் மிச்சமிருந்த அத்தனை கடிகாரங்களுக்கும் சாவி கொடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். தகரக் கூரைமேல் தூறல் பிடிப்பது மாதிரி ஒரு சத்தம் கொட்டகை முழுக்க எழுந்தது. பிறகு கதவைப் பூட்டினார்கள். அந்த மூன்று பெண்களையும் நான் அப்புறம் பார்க்கவே இல்லை.

அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று கல்யாணமான புதிதில் நாக்கைத் தட்டித் தட்டி அவருக்குச் செய்து காட்டுவேன். ஒரு தடவைகூடச் சரியாக வந்ததில்லை. "இன்னொரு வாட்டி" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். அப்படிக் கேட்க இப்போது ஆளில்லை.