பத்தொன்பது முறை மனந்திரும்பியவர்

என் வீட்டுக்காரர் தொக்தோசுன் பத்தொன்பது முறை மனந்திரும்பியவர். சும்மா சொல்லவில்லை, எண்ணி வைத்திருக்கிறேன். ஞாயிறு பிரசங்கம் முடிந்து, "ஆண்டவரிடம் வர விரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்று மூப்பர் எசென்பை கூப்பிட வேண்டியதுதான், இவர் எழுந்துவிடுவார். வெறுங்காலோடு கம்பளத்தில் நடந்துபோய் முழங்காலிட்டுத் தேம்பித் தேம்பி அழுவார். முதல் தடவை சபையே சேர்ந்து அழுதது. ஐந்தாவது தடவை பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, "சைரா, உங்க வீட்டுக்காரருக்குன்னு அங்க தனியா ஒரு கம்பளம் போட்டு வச்சிரலாம்டி" என்றாள். அவளோடு ஒரு மாதம் நான் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே எண்ணம்தான்.

தலாஸ் பள்ளத்தாக்கில் எங்கள் ஊர் பீன்ஸ் வயல்களுக்கு வாய்க்கால் மடை திறந்துவிடுவது அவர் வேலை. யார் வயலுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று முறை உண்டு. கூடப்பிறந்த அண்ணன் வயலுக்குக்கூட ஐந்து நிமிடம் கூட்டி விட்டதில்லை. நல்ல மனுஷன்தான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து குடி. அந்தக் கண்ணீரில்தான் நான் முதலில் ஆண்டவரிடம் வந்தேன், ஞானஸ்நானமும் எடுத்தேன். பத்து வருடம் கழித்து இவரும் சபைக்கு வந்தார். வந்த அன்றே வோட்காவை விட்டார். பிறகு நாக்குக்கடியில் வைக்கும் புகையிலையை விட்டார். கெட்ட வார்த்தையை விட்டார்.

விட்டாரே தவிர நிம்மதி வரவில்லை. தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்: "இவ்வளவு விட்டது போதுமா சைரா? ஆண்டவர் என்னைச் சேத்துக்குவாரா?"

"எங்க போதும்? முதல்ல அந்தக் கோபத்தை விடுங்க" என்பேன். பக்தியோடுதான் சொன்னேன்!

எங்கள் சபையில் ஞானஸ்நானம் சுலபத்தில் கிடைக்காது. கோடையில் ஆற்றுக்குப் போவதற்கு முன்னால், கேட்பவரைச் சபை நடுவில் நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். வீட்டில் எப்படி என்று வீட்டாரையும் கேட்பார்கள். இவர் நான்கு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "நீங்க இரட்சிக்கப்பட்டிருக்கீங்களா?" என்று மூப்பர் கேட்டால், "முயற்சி பண்ணிட்டிருக்கேன் அண்ணே" என்பார். மூப்பர் தலையசைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் எழுந்து, மாட்டை அடித்தது, என் மாமியாரிடம் எரிந்து விழுந்தது என்று ஒன்றுவிடாமல் ஒப்பிப்பேன். "அடுத்த வருஷம் பாப்போம்" என்று முடித்துவிடுவார்கள்.

ஐந்தாம் வருடம், கேள்வி நாளுக்கு ஆறு நாள் முன்னால், அவருடைய அண்ணன் இறந்துபோனார். பிணத்தைக் கிடத்தியிருந்த கூடாரத்துக்கு வெளியே ஆண்கள் இடுப்புக்கச்சை கட்டி, கோலை ஊன்றி வரிசையாக நின்று அழும் இடத்தில் முஸ்லிம் சொந்தக்காரர்கள் இவரை நிற்க விடவில்லை. "நீதான் ரஷ்யாக்காரன் சாமிகிட்டப் போயிட்டியே, உனக்கு இங்க என்னடா அழுகை?" என்று சித்தப்பா மகன் எல்லோர் முன்னாலும் கேட்டான். கூடப்பிறந்தவன் பிணத்துக்குத் தள்ளி நின்று அழுதார் பாவம். பிறகு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அதே ஆள் ஒரு கிளாஸ் வோட்காவை நீட்டினான். இவர் குடித்தார். ஒன்றல்ல, பாட்டில் காலியாகும்வரை.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஆறு வருஷம்! எல்லாத்தையும் ஒரே நாள்ல குடிச்சுத் தீத்துட்டீங்களே! இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த நாற்காலில உக்காருவீங்க?" என்று கத்தினேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்த வாரம் முழுக்க வாய்க்கால்கரையே கதி என்று கிடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூப்பர் முன்னால் வரச் சொல்லிக் கூப்பிட்டார். இவர் எழவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன். கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார். ஆனால் கேள்வி நேரம் வந்ததும் தானாகவே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு மானமே போயிற்று.

"தொக்தோசுன், நீங்க இரட்சிக்கப்பட்டிருக்கீங்களா?"

"ஆமா அண்ணே."

கூட்டத்தில் சலசலப்பு. எசென்பை கண்ணாடியைக் கழற்றினார். "திங்கக்கிழமை நீங்க குடிச்சது ஊருக்கே தெரியும்."

"குடிச்சேன் அண்ணே. மறைக்கல. ஆண்டவர்கிட்ட அழுது சொல்லிட்டேன், இப்ப உங்ககிட்டயும் சொல்றேன்."

"குடிக்காம இருந்த வருஷமெல்லாம் முயற்சி பண்ணிட்டிருக்கேன்னீங்க. குடிச்ச வாரத்துல வந்து ஆமாங்கிறீங்களே?"

இவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். "அப்பல்லாம் காட்டுறதுக்கு ஏதோ இருந்துச்சு அண்ணே. வோட்காவ விட்டேன், புகையிலைய விட்டேன். அதைப் பாத்துப் பாத்து, போதுமா போதாதான்னே செத்துக்கிட்டிருந்தேன். முன்னால வந்து அழுதப்பகூட, இந்தத் தடவை சரியா அழுதோமான்னுதான் கவலை. இப்ப எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. இயேசு எனக்காகச் செத்தாரே, அது ஒண்ணுதான் மிச்சம். அது என்னைத் தாங்கலைன்னா நான் தொலைஞ்சேன். தாங்கும்னு நம்புறேன். அதான் ஆமான்னேன்."

எசென்பை என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சைரா. வீட்டுல எப்படி?"

எழுந்தேன். திட்டத்தோடுதான் வந்திருந்தேன்: பாட்டில், போதை, வாரம் முழுக்க வீடு தங்காதது, எல்லாம் வரிசையாக வாயில் நின்றது. ஆனால் வந்தது வேறு.

"அண்ணே, அந்தக் கேள்விய என்கிட்ட கேளுங்க" என்றேன்.

"எந்தக் கேள்வி?"

"இரட்சிக்கப்பட்டிருக்கியான்னு."

"நீங்க பதினாறு வருஷத்துக்கு முன்னாலயே ஞானஸ்நானம் எடுத்தவங்களாச்சே."

"எடுத்தேன். அன்னைக்கும் ஆமான்னுதான் சொன்னேன். குடிக்க மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன், ஒரு ஞாயிறு தவறினதில்ல. அதைத்தான் மனசுல வச்சுக்கிட்டுச் சொன்னேன். இத்தனை வருஷமும் அதைத்தான் நம்பிக்கிட்டிருந்தேன்." அதற்குமேல் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

குடித்ததற்காக இவரை இலையுதிர்காலம்வரை காத்திருக்கச் சொன்னார்கள். "சரிங்கண்ணே" என்று சிரித்த முகமாக எழுந்தார். அப்போதும் நான் நின்றபடியேதான் அழுதுகொண்டிருந்தேன். இவர் நாற்காலியைக் கையோடு தூக்கிக்கொண்டு ஆண்கள் பக்கத்தைத் தாண்டி வந்து, என் முன்னால் போட்டு, "உக்காரு சைரா" என்றார்.