இரண்டாவது விருப்பம்

ஆகஸ்ட் மாதத்து மூன்றாவது திங்கட்கிழமை. ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து வந்ததும், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் எதிரே இருக்கும் பிரவுசிங் சென்டருக்கு மகளை அழைத்துப் போனேன். மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளுக்கான ஆன்லைன் கலந்தாய்வில், விருப்பப் பட்டியலைப் பதிய அன்றுதான் கடைசி நாள். டைரியில் அந்தப் பக்கத்தை இப்போதும் அடிக்கடி பார்க்கிறேன்.

அவளுக்கு வேண்டியது பிசியோதெரபி. காரணம், அவள் அம்மா. ஏழு வருடம் கம்பெனி அசெம்ப்ளி லைனில் நின்று வேலை செய்த என் மனைவிக்கு வலது தோள் இறுகி, தலை வாரக்கூடக் கை எழவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பொறுமையாகப் பயிற்சி கொடுத்தார். தொண்ணூற்றோராம் நாள் மனைவி தானே கொண்டை போட்டுக்கொண்டாள். கூடவே போய்வந்த மகள் அப்போது பத்தாம் வகுப்பு. பதினொன்றில் உயிரியல் எடுத்ததே அதற்காகத்தான்.

எங்கள் பக்கத்தில் வீடு பார்ப்பதும், பள்ளிக்கூடம் பார்ப்பதும், சில வீடுகளில் மாப்பிள்ளை பார்ப்பதும்கூட, கம்பெனி பஸ் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான். நானும் ஒரு நோட்டில் கல்லூரிகளைப் பயண நேரப்படி எழுதி வைத்திருந்தேன். முதலில், என் பஸ் போகும் வழியிலுள்ள கல்லூரியின் பிசியோதெரபி. இரண்டாவது, அதே கல்லூரியின் லேப் டெக்னாலஜி. மூன்றாவது, மூன்று மணி நேரம் தள்ளியிருந்த ஒரு கல்லூரியின் பிசியோதெரபி.

சென்டர்காரர் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். “இன்னா சார், பஸ்ல சீட்டு புடிக்கிற மாதிரி போட்டுகினு கீறீங்க? பிசியோ வேணும்னா பிசியோவையே வரிசையா போடுங்க.”

“போன வருஷ கட்-ஆஃபவிட இவளுக்கு ரெண்டு மார்க் ஜாஸ்தி. மொதல்லயே கெடச்சிடும். மத்ததெல்லாம் சும்மா.”

“சும்மான்னா அத ஏம்ப்பா ரெண்டாவதா போடணும்?” என்றாள் மகள். “மூணாவத மேல ஏத்துப்பா.”

“அது ஹாஸ்டல்ல தங்கணும்மா.”

“நான்தானே தங்கப்போறேன்? நீயா?”

“கேளுங்க சார், பாப்பா கரெக்டா கேக்குது.”

நானும் சிரித்தேன். வரிசையை மாற்றவில்லை. “என்மேல நம்பிக்கை இல்லியா?” என்று மட்டும் கேட்டேன். அவள் மவுஸைத் தன் பக்கம் இழுத்தாள். இனி மாற்ற முடியாதபடி அவளே பட்டியலை லாக் செய்தாள்.

சனிக்கிழமை காலை முடிவு வந்தது. இந்த வருடம் கட்-ஆஃப் மூன்று மார்க் ஏறியிருந்தது. அவளுக்கு ஒதுக்கியிருந்தது லேப் டெக்னாலஜி. நான் மூன்றாவதாகத் தள்ளிய கல்லூரியில், அவளைவிடக் குறைந்த மார்க் வாங்கியவர்களுக்கும் பிசியோதெரபி கிடைத்திருந்தது. விதிகளை இரண்டு முறை படித்தேன். அடுத்த சுற்றில், கிடைத்ததற்கு மேலே எழுதிய விருப்பத்துக்கு மட்டுமே மாறலாம். அவள் கேட்டது கீழே இருந்தது. அடுத்த சுற்றிலும் மேலே இருந்த இடம் கிடைக்கவில்லை.

“உங்க பஸ் ரூட்லயே கெடச்சிடுச்சில்ல, சந்தோஷமா?” என்றாள் மனைவி. மகள் மார்க் ஷீட்டை எடுத்து ஃபைலில் வைத்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

கட்-ஆஃப் ஏறும் என்று எனக்குத் தெரியாது என்பது உண்மை. மூன்றாவதாக எழுதிய கல்லூரி கிடைத்துவிடுமோ என்று பயந்ததும் உண்மை. டைரியில் முதல் உண்மையை மட்டுமே எழுதியிருக்கிறேன்.

இப்போது இருவரும் ஒரே நேரத்துக்குக் கிளம்புகிறோம். நான் கம்பெனி பஸ், அவள் அதே வழியில் கல்லூரி பஸ். முன்பெல்லாம் அவள் அம்மா, தோள் மறுபடி இறுகாமலிருக்கக் கையைத் தூக்கிப் பயிற்சி செய்யும்போது, “இன்னும் மேல, முழங்கைய மடக்காத” என்று மகள் பக்கத்தில் நின்று அதட்டுவாள். இப்போது மனைவி சுவரைப் பார்த்துத் தனியாகச் செய்கிறாள். மகள் பையை மாட்டிக்கொண்டு அவளைக் கடந்து போகிறாள்.

முதல் நாளே பயண நேரத்தைக் குறித்துக்கொண்டேன். நாற்பது நிமிடம். நோட்டில் எழுதியிருந்ததும் அதேதான்.