இடப்பக்க இருக்கைக்கு ஒரு ஸ்பிரிங்

நூற்பாலை இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். எளிய வேலை. மற்றவர்கள் பாடுபட்டுச் செய்ததை அளந்து பார்த்து, 'ஆகாது' என்று மூன்று பிரதிகளில் எழுத வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் ஓய்வு பெற்றபோது, 'ஆகாது' என்று எழுத என்னிடம் மிஞ்சியது ஒரு கார்தான். மனைவியின் சமையலைப் பற்றி எழுதும் துணிச்சல் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தை விட்டுவிட்டுச் சொந்த நாட்டுக்குக் கப்பலேறிய ஒரு துரையின் ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே இருக்கை, துணிக் கூரை. சனிக்கிழமை தோறும் நாங்கள் குடியிருந்த கணபதியிலிருந்து காரமடைக்கு, பெருமாள் கோயிலுக்கு, அதில்தான் போவோம். கூரையை மடக்கிவிட்டு நான் ஓட்டுவேன். முந்தானையைத் தலையில் இறுக்கிக்கொண்டு அவள் இடப்பக்கம் உட்காருவாள். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கை காட்டுவார்கள். அவளும் பதிலுக்குக் கை காட்டுவாள். அதை நான் கண்டுகொண்டதில்லை.

பிறகு அவளுக்கு முதுகுத்தண்டில் ஒரு வட்டு பிதுங்கியது. ஆறு மாதம் படுக்கை. இனி உட்கார்ந்து பயணம் போகலாம் என்று டாக்டர் சொன்ன வாரமே காரைத் துடைத்து நிறுத்தினேன். வந்தாள். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது அவள் முகம் வெளிறியதைப் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை, "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு மாவாட்டோணும்" என்றாள். அதற்கடுத்த வாரம் தங்கச்சி வருகிறாள். அதற்கடுத்த வாரம் தலைவலி. நான்காவது வாரம் நான் காரணம் கேட்கவில்லை. பூக்கூடையை இடப்பக்க இருக்கையில் வைத்துக்கொண்டு போனேன். பூக்கூடை யாருக்கும் கை காட்டவில்லை.

அவளை மறுபடி அந்த இருக்கையில் உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான் காரியம்.

காரின் அடியில் படுத்துப் பார்த்தேன். பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்குகள் வளைவு செத்து நேராகிக் கிடந்தன. ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் கசிந்து, பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தன. குழி வந்தால் தாங்குவதற்கு ஒன்றுமில்லை. இரும்பும் இரும்பும் மோதும். நோய் இன்னதென்று சரியாகக் கண்டுபிடித்தேன். மருந்தில்தான் கோட்டை விட்டேன்.

இங்கிலாந்தில் இந்தக் காருக்கென்றே உதிரிபாகம் விற்கும் கடைக்கு ஃபேக்ஸ் அனுப்பி ஒரு பட்டியல் வரவழைத்தேன். அதில் ஸ்பிரிங் மூன்று விதம். சாதாரணம், வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு, பந்தயத்துக்கு. பழையது தொய்ந்துபோனதால்தான் தொல்லை, ஆகவே புதியது விறைப்பாக இருக்க வேண்டும் என்று தர்க்கம் செய்து நடுவில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். கோத்தகிரி மலைப்பாதை வளைவுகளில் கார் சாயாமல் திரும்பும் என்பது இன்னொரு காரணம். முதல் காரணத்தை மட்டும் நோட்டில் எழுதினேன்.

அங்கிருந்து வரவழைத்தால் சுங்கத்தில் எத்தனை மாதம் கிடக்கும் என்பது சுங்கத்துக்கே தெரியாது. அதனால் அளவுகளை மட்டும் குறித்துக்கொண்டு உக்கடத்தில் ஸ்பிரிங் கட்டும் பாயிடம் போனேன். லாரிகளுக்கும் வேன்களுக்கும் கட்டுகிறவர். என் வயதுதான் இருக்கும். காரைச் சுற்றி வந்து, பின்பக்கத்தை ஒருமுறை கையால் அமுக்கிப் பார்த்தார்.

"எத்தனை பட்டைங்க சார் போடறது?"

"ஏழு."

"ஏழுங்களா." குனிந்து அடியில் பார்த்தார். "வண்டி வெயிட்டே இல்லீங்களே. செரிங்க, செஞ்சுபோடலாம்."

எங்கள் ஊரில் 'செரிங்க' என்பதில் பல தினுசு உண்டு. இழுத்துச் சொன்னால் ஒன்று, சட்டென்று சொன்னால் இன்னொன்று. 'பாக்கலாங்க' என்றால் நடக்காது என்று பொருள். பிறந்ததிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன், கையில் அச்சடித்த அளவுப் பட்டியல் இருந்ததால் காதை மூடிக்கொண்டேன். பட்டைகள் ஏழும் ஏறின. ஷாக் அப்சார்பருக்குப் புது சீல் போட்டு, விறைப்புக்குத் தோதாகக் கனமான எண்ணெயை நானே ஊற்றினேன்.

பிறகு முறைப்படி சோதனை. நல்ல தார் ரோட்டில் ஒன்று, கணபதிப் பட்டறைச் சந்துகளில் ஒன்று, ரயில்வே கேட்டில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று பயணி மதிப்பெண் போட வேண்டும். பயணி அவள். மூன்றுக்கும் எட்டு போட்டாள்.

"நல்லா இருக்குதா?"

"நல்லாத்தானுங்க இருக்குது."

தொழிற்சாலையாக இருந்தால், மூன்று இடத்தில் ஒரே அளவு காட்டும் கருவியைக் குப்பையில் போடச் சொல்லியிருப்பேன். வீட்டில் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை நான் வங்கிக்குப் போய்த் திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. மத்தியானம் வந்தாள், நெற்றியில் குங்குமத்தோடு.

"கோயிலுக்குப் போயிருந்தேனுங்க."

"எதுல?"

"பஸ்ஸுல."

"நான் வந்திருப்பேனே."

"உங்களுக்கு எதுக்குங்க செரமம்" என்றபடி உள்ளே போனாள்.

செரமம் யாருக்கு என்பது எனக்கு அப்போதும் எட்டவில்லை. டவுன் பஸ்ஸின் ஸ்பிரிங் எந்த நிலையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைவிட நான் தேர்ந்தெடுத்தது மட்டமா? வேலையில் குறை என்று முடிவு கட்டி, கோபத்தோடு காரை உக்கடத்துக்கு விட்டேன். பாய் முழுவதையும் கேட்டுக்கொண்டார். கையைத் துடைத்துக்கொண்டு, "சாவி குடுங்க சார். நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க" என்றார்.

அந்தக் கார் என்னிடம் வந்து பதினெட்டு வருஷம். இடப்பக்க இருக்கையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

குளத்தங்கரை ரோட்டில் மெதுவாகத்தான் போனார். ஓட்டுகிறவனுக்குக் குழி முன்னாலேயே தெரியும். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உடம்பைத் தயார் செய்துகொள்வான். இந்தப் பக்கத்தில் பிடிக்க ஒன்றுமில்லை. முதல் குழி இடுப்பில் இறங்கியது. இரண்டாவது, கழுத்து வரை ஏறியது. மூன்றாவதில் பல்லோடு பல் மோதியது. கதவின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டேன். பிடித்த இடத்தில் பெயிண்ட் தேய்ந்து வழவழவென்று இருந்தது. என் விரல்கள் பதிந்த இடத்தில் எத்தனை வருஷமாக அவள் விரல்கள் பதிந்திருந்தன என்று அப்போதுதான் தோன்றியது. ஸ்பிரிங் நன்றாக இருந்த காலத்திலேயே அவள் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

பாய் வண்டியை ஓரங்கட்டினார். "எப்படிங்க சார் இருக்குது?"

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது காதில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். முடியவில்லை. எனக்கும்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, பாய்."

"நீங்க புஸ்தகம் கொண்டாந்திருந்தீங்க சார். புஸ்தகத்த எதுத்து நான் எப்படிங்க பேசறது? வீட்ல அம்மாவும் அதேதான் நெனச்சிருப்பாங்க."

இரண்டு பட்டைகளை எடுத்துவிடலாம் என்றார். எடுத்தால் பின்பக்கம் தாழ்ந்துபோகுமே என்றேன். மிச்சமுள்ள ஐந்துக்கும் வளைவு ஏற்றி அடித்தால் உயரம் நிற்கும், ஆனால் வளைவில் வண்டி சாயும், பரவாயில்லையா என்று கேட்டார். கோத்தகிரியை ஒரு நொடி நினைத்துக்கொண்டு, சாயட்டும் என்றேன். முன்பக்கத்துக்கும் விறைப்புக் குறைந்த சுருள் ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரில் கனமான எண்ணெயைக் கொட்டிவிட்டு மெல்லியதை ஊற்றினேன். காரின் மூலையை அமுக்கி விட்டால் ஒருமுறை எழுந்து, ஒருமுறை தாழ்ந்து, அப்புறம் ஆடாமல் நிற்க வேண்டும். விறைத்தால் முதுகில் அடிக்கும், தொளதொளத்தால் வயிற்றைக் குமட்டும். மூன்று நாள், மூன்று எண்ணெய். ஒவ்வொன்றுக்கும் பாயை ஓட்டச் சொல்லி இடப்பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அந்த வயதில் அதுவும் ஒரு படிப்புத்தான்.

வீட்டுக்கு வந்து, நடந்ததை அவளிடம் சொன்னேன். முக்கியமாக, நான் பாயிடம் சொன்ன பதிலை. அவள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"அத்தன ஆசையா மாட்டியிருந்தீங்க. எப்படிங்க சொல்றது?"

"இனிமே சொல்லிப்போடு, அம்மணி."

அந்தச் சனிக்கிழமை கிளம்பினோம். மேட்டுப்பாளையம் ரோட்டில் கார் ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர்க் குடம் சுமப்பவள் மாதிரி ஒயிலாகச் சாய்ந்து நிமிர்ந்தது. குழிகள் வந்தன, அடியில் எங்கேயோ முனகிவிட்டுப் போயின. அவள் கைகள் மடியிலேயே இருந்தன. நான் ரோட்டைவிட அந்தக் கைகளைத்தான் அதிகம் பார்த்தேன்.

துடியலூர் தாண்டியதும், "ஏனுங்க" என்றாள். "சீட்டு குழியா இருக்குது. வெயிலு மூஞ்சிலயே அடிக்குது. அந்த லாரிப் பொகைக்குப் பின்னாடியே எதுக்குங்க போறீங்க? இடுப்பு லேசா வலிக்குது, மெதுவாப் போங்க."

மெதுவாகப் போனேன். செங்கல் ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

இன்னும் கொஞ்சம் குறைத்தேன்.