பனிக்கு மேலே இரண்டு வட்டம்

நேற்று கிளினிக்கில் என்னைத் தராசில் ஏறச் சொன்னார்கள். முள் ஆடி நிற்பதற்குள் மனசு எங்கோ போய்விட்டது. கொழும்புப் பக்கம் ஓர் ஏரிக்கரை, பெற்றோல் வாசம், தண்ணீரில் மிதக்கும் சின்ன விமானம், தராசில் நிற்கும் என் மனைவி செல்லம்மா.

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தேயிலைக் கொழுந்து லொறியில் கிளீனராகத் தொற்றி, ஹட்டனில் சொந்த லொறிகள் ஓட விட்டவன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த எவன் பெண்டாட்டிக்காக விமானம் பிடித்தான், சொல்லுங்கள்? நான் பிடித்தேன். கொழும்பு ஆஸ்பத்திரியில் அவளைக் கைவிரித்துவிட்டார்கள். அவளுக்கோ பிறந்த லயத்தைப் பார்த்துவிட வேண்டும். ரோட்டு வளைவுகளை உடம்பு தாங்காது என்றார் டாக்டர். ஹட்டன் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விமானம் இறங்கினால் லயம் கூப்பிடு தூரம்.

வெறுங்கையோடு லயத்துக்குப் போகிற வழக்கம் நம்மிடம் உண்டா? பிஸ்கட், பேரீச்சம்பழம் என்று ஒரு மூட்டை கட்டியிருந்தேன். விமானி சிங்களப் பையன், ஹட்டனில் வளர்ந்தவன். எடை அட்டவணையில் விரலை ஓட்டிவிட்டு மூட்டையைத் தள்ளி வைத்தான்.

“முதலாளி, அந்தத் தண்ணி உசரத்துல இருக்கு. காத்து மெல்லிசு. பாரம் கூடினா திரும்ப எழும்பாது. மூட்டைக்குப் பதிலா இஞ்சினுக்குக் கூடுதலா எண்ணெய் கொண்டு போவோம். பனி இருந்தா சுத்தி நிக்கலாம்.”

“நான் ஏத்தாத லோடா, தம்பி?”

“என்னையும் எறக்கிட்டா இன்னும் லேசாயிரும், இல்லீங்களா?” என்றாள் செல்லம்மா. தராசு முள் அவளுக்காக அசையவே யோசித்தது.

மூட்டை கரையில் நின்றுவிட்டது.

மேலே போனால் நீர்த்தேக்கத்தைக் காணோம். ஒரே பனி. ஒரு வட்டம் சுற்றினான்.

“இந்தப் பொகைக்குக் கீழதான் நம்ம லயங்களா?” கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டாள்.

இன்னொரு வட்டம். பிறகு எண்ணெய் முள்ளைப் பார்த்தான். “இதுக்கு மேல நின்னா கொழும்பு போய்ச் சேர மாட்டோம், முதலாளி. திரும்புறேன்.”

லொறி என்றால் ஓரங்கட்டிக் காத்திருப்பேன். ஆகாயத்தில் எங்கே ஓரங்கட்ட? என் முகத்தைப் பார்த்து அவள்தான் சொன்னாள்: “அந்தப் புள்ளைய வையாதீங்க. அதுக்கும் வீடு இருக்கும்ல.”

பிறகு அவளை ரோட்டு வழியாகத்தான் கொண்டுவந்தேன், பெட்டியில். வளைவுகள் அவளை ஒன்றும் செய்யவில்லை.

பெட்டியருகே அவள் தங்கை சொன்னாள்: “அன்னிக்கு பிளேன் சத்தம் கேட்டுச்சு, அத்தான். அக்கா பாக்கட்டும்னு லயமே சேலைய ஆட்டுச்சு, பனிக்குள்ள.”

இப்போது அந்த விமானம் வருவதில்லை. லயத்தை இடித்துவிட்டார்கள். சேலை ஆட்டியவர்களில் பாதிப்பேர் கொழும்புக் கடைகளில் வேலைக்கு நிற்கிறார்கள். பனி கலையும் நேரம் பார்த்துச் சில நாள் நான் நீர்த்தேக்கக் கரைக்குப் போவதுண்டு. கலைந்த பிறகு, பார்க்க அங்கே ஒன்றுமில்லை.