நாலு கியரா, அஞ்சு கியரா?

பழைய கார் விற்கிற இடத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் கார் வாங்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தால், நீங்கள் வாழ்க்கையில் எதையும் விற்றதில்லை என்று அர்த்தம். அவர்கள் சந்தேகம் கேட்க வருகிறார்கள். பதிலையும் கையோடு கொண்டு வருகிறார்கள். நாம் தலையாட்டினால் போதும். புடவைக் கடையில் நிற்கிறவர்கள், இன்சூரன்ஸ் விற்கிறவர்கள், பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கள், உங்களுக்கெல்லாம் நான் இதை விளக்கவே வேண்டாம்.

காஞ்சிபுரம் செவிலிமேட்டில் எங்கள் ஷெட். என் கணவர் சேகர் மெக்கானிக், விற்பனை என் தலையில். நாங்கள் வாங்கி விற்பது ஒரே வண்டிதான். கம்பெனி நிறுத்திப் பல வருஷம் ஆன பிறகும் ஊரை விட்டுப் போக மறுக்கிற, மூன்று சிலிண்டர் சின்ன கார். முதலில் வந்தது கார்புரேட்டர் வண்டி, அதில் காற்றும் பெட்ரோலும் தானே கலந்துகொள்ளும். பிறகு வந்தது எம்பிஎஃப்ஐ, அதில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி பெட்ரோலை அளந்து பீய்ச்சும். இதற்குள் நாலு கியர், அஞ்சு கியர், ஏசி உள்ளது, இல்லாதது. விஷயம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஒரு முழுக் காலைப்பொழுதை ஓட்டிவிட முடியும், வண்டியை ஓட்டாமலே.

கால்களிடம் ஒரு விசாரணை

ரிட்டையர்டு அதிகாரி ஒருவர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. நாலு கியருக்கும் அஞ்சு கியருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். ஊருக்குள் ஓட்ட நாலு போதும், அடிக்கடி சென்னை போகிறவர் என்றால் அஞ்சாவது கியரில் இரைச்சல் குறையும், பெட்ரோலும் கொஞ்சம் மிச்சமாகும் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆம்பளைங்க யாரும் இல்லியாமா?" என்றார்.

சேகர் டீ குடிக்கப் போயிருந்தார். ஆனால் ஒரு காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அதிகாரி நேராக அங்கே போய்க் குனிந்து அதே கேள்வியைக் கால்களிடம் கேட்டார். "ஊருக்குள்ளனா நாலு போதும் சார், ஹைவேஸ்னா அஞ்சு" என்றன கால்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. பிறகு கால்களுக்கு உரியவர் வெளியே வந்தார். அடித்தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் படுத்திருந்த இன்னொரு வாடிக்கையாளர். "நானும் வண்டி பாக்கத்தான் சார் வந்தேன். அந்த அக்கா சொன்னது காதுல வுழுந்துச்சு, அதையே சொன்னேன்" என்றார் பாவம். அதிகாரி அசரவில்லை.

"இருந்தாலும் நீ சொன்னாதாம்பா புரியுது."

பேசாத எஞ்சின்

ஐடி கம்பெனிக்காரர் ஒருவர், வீடியோ பார்த்தே கார் படித்தவர். கையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அதைக் காரில் சொருகினால் எஞ்சின் தன் உபாதைகளையெல்லாம் செல்போனுக்குச் சொல்லிவிடுமாம். அவருக்குப் பிடித்துப் போனது ஒரு கார்புரேட்டர் வண்டி. சொருகும் இடத்தைத் தேடி ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை விட்டவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. "இதுல கம்ப்யூட்டரே கெடையாது தம்பி, ஸ்டார்ட் பண்ணிக் காதால கேளுங்க" என்றேன். சாவியைத் திருப்பியதும் எடுத்துக்கொண்டது. துளி பிசிறில்லாத ஓட்டம். அவர் அதைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"தனக்கு என்ன பிரச்சனைன்னு வாயத் தொறந்து சொல்லாத எஞ்சின எப்படி ஆன்ட்டி நம்பறது?"

திருமுக்கூடல் வரை

கணவன் மனைவி இருவருமே ஆசிரியர்கள். சார் கார்புரேட்டர் கட்சி. வழியில் நின்றால் எந்த மெக்கானிக்கும் கழற்றி ஊதி மாட்டிவிடுவான் என்பார். டீச்சரம்மா எம்பிஎஃப்ஐ கட்சி. வழியில் நிற்கவே நிற்காத வண்டிக்கு எதற்கு ஊதல் என்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து வேறு வேறு பெயர்களில் நடந்துவரும் சண்டை இது என்று எனக்குத் தோன்றியது. சரி, இரண்டையும் திருமுக்கூடல் வரை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யட்டும் என்று கிளம்பினோம். சார் வண்டியில் சேகர், டீச்சரம்மா வண்டியில் நான்.

அதற்கு முந்தின நாள் நல்ல மழை. ஊருக்குச் சற்று முன்னால் ரோட்டின் மேலேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிவிடலாம் என்று நான் சொல்வதற்குள் சார் வண்டியைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டார், பின்னால் மனைவி பார்த்துக்கொண்டிருக்கிறாரே. நட்டநடுவில் வண்டி இருமி நின்றது. டீச்சரம்மா கியரை மாற்றி, ஒதுங்கி அவரைத் தாண்டிப் போனார். பத்தடி முன்னால் போனதும் எங்கள் வண்டியும் நின்றுவிட்டது. அந்தப் பத்தடியையும் டீச்சரம்மா வெற்றியாகவே எடுத்துக்கொண்டார். சேகர் இறங்கித் துடைத்தார், ஊதினார், கும்பிட்டார். இரண்டில் ஒன்றும் கிளம்பவில்லை. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து என் செருப்பு மிதக்க ஆரம்பித்ததும் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. நல்லவேளை, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. இரண்டு காரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் கட்டி மேட்டுக்கு இழுத்துப் போட்டார் டிரைவர். கரையேறிய அடுத்த நிமிஷம், எது நல்ல எஞ்சின் என்று இருவரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். டிராக்டர் டிரைவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"இன்னுமா அதையே பேசிக்கினு இருக்கீங்க? டீசலு சார், டீசலு."

ஏசி ஸ்டிக்கர்

பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஒருவர் மகளோடு வந்தார். மாப்பிள்ளை வீட்டில் ரொம்பப் பெருந்தன்மையானவர்களாம், எதுவுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு சின்ன கார் மட்டும், அதுவும் ஏசி வைத்தது. வெயில் தாங்காத குடும்பம் போலிருக்கிறது. பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஏசி இல்லாத வண்டிதான் அவருக்குக் கட்டுப்படியாகும், பின் கண்ணாடியில் 'ஏசி' என்று ஒரு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டித் தர முடியுமா என்றார். "தை மாசம்தான்மா கல்யாணம். வெயில் வர்றதுக்குள்ள எப்படியாச்சும் மாட்டிக் குடுத்துடறேன்."

மகள் அதைக் கேட்டுவிட்டாள். அழவில்லை. அங்கேயே நின்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். "ஏசி வண்டியும் கெடையாது, ஏசி இல்லாத வண்டியும் கெடையாது. கார் இருந்தாத்தான் கல்யாணம்னா இப்பவே சொல்லிடுங்க. முகூர்த்தப் புடவை இன்னும் தறியிலதான் இருக்குது, வேற யாருக்காச்சும் ஆவும்." பெரியவர் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டிக்கு அடியில் இருந்த சேகர்கூட ஸ்பேனரை வைத்துவிட்டார். அந்தப் பக்கம் நீளமாக ஏதோ பேசியது. இவள் 'உம்' மட்டும் கொட்டிவிட்டு வைத்தாள். "என்னமா சொன்னாரு?" என்றார் பெரியவர்.

"பஸ்லயே வர்றாங்களாம்பா."

முன் சீட்டு

இவரைப் பற்றிக் கிண்டலாக எழுத எனக்கு எதுவும் தோன்றவில்லை, மன்னியுங்கள். திருப்புட்குழிக்காரர், மனைவியோடு வந்தார். அந்த அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. டயாலிசிஸுக்காக அடிக்கடி வேலூர் போக வேண்டும். பஸ்ஸில் திரும்பி வருவதற்குள் உயிர் போகிறது என்றார். அவர் என்னிடம் கியர், மைலேஜ், எஞ்சின் என்று எல்லாம் கேட்டுக்கொண்டிருக்க, அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் ஒவ்வொரு காரின் முன் சீட்டிலும் ஏறிச் சாய்ந்து கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டே வந்தார். பெயின்ட் வெளுத்த ஒரு நாலு கியர் கார்புரேட்டர் வண்டியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. "அது பழைய எஞ்சின்மா" என்று கணவர் பதறினார். "எஞ்சின் மேலயா நான் சாஞ்சிக்கினு வரப் போறேன்?" என்றார் கண்ணைத் திறக்காமலே. அந்த வண்டிதான் போனது.

சமீபத்தில் ஆயில் மாற்ற வந்தார்கள். டயாலிசிஸ் இப்போது காஞ்சிபுரத்திலேயே நடக்கிறதாம். அந்த அம்மா முகம் தெளிந்திருந்தது. வேலூர் போகிற வேலை இல்லை, வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கணவர் மெதுவாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் முன் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"ஆஸ்பத்திரிக்கு மட்டுந்தான் கார்ல போவணுமா? வண்டிய எடுங்க, மகாபலிபுரம் போலாம்."

மொத்தத்தில், இந்தச் சின்ன காரில் நான் கண்ட ரகங்கள் இரண்டே இரண்டு: வருகிறவர் கேட்பது ஒன்று, வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவது இன்னொன்று.