சத்தம் போட்டுச் சாப்பிட்டவன்

எங்கள் வீட்டில் சாப்பிடும்போது வாயிலிருந்து சத்தம் வந்தால் அம்மாவின் அகப்பைக் காம்பு தலையில் விழும். "நாய் கஞ்சி குடிக்கிற மாதிரி என்னடா இது?" என்பார். அப்படிக் குட்டு வாங்கி வளர்ந்த நான், எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கின் ஓல்போர்க்கில், துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருந்த ஒரு சின்ன நூடில்ஸ் கடையில், உறிஞ்சிச் சாப்பிடப் பழகினேன். அந்தப் பழக்கம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைக்காரர் ஜப்பான்காரர். கப்பலில் சமையல்காரராக வந்து, ஒரு டெனிஷ் பெண்ணைக் கட்டி, அங்கேயே தங்கிவிட்டவர். அவர் செய்யும் நூடில்ஸ் சூப்புக்கு ராமென் என்று பெயர். அவருடைய ஊர் வடக்கே, பனி கொட்டும் தீவு. அந்த ஊர் ராமெனில் சோயாவைப் புளிக்கவைத்த மிசோ விழுதைக் கரைத்து, மேலே சோளமும் ஒரு கட்டி வெண்ணெயும் போடுவார். சனிக்கிழமைகளில் வேறு ஊர் ராமென் நடக்கும். ஒருநாள் தோக்கியோவின் தெளிந்த மண்ணிறச் சாறு. இன்னொருநாள் தெற்கத்திச் சாறு, பன்றி எலும்பைக் கொதிக்க வைத்துக் கஞ்சித் தண்ணிபோல வெளுத்தது. நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள்; பன்றி எங்களுக்கு விலக்கில்லை. ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு, ஆனாலும் தன்னுடைய ஊர்ச் சாறுதான் சாறு என்று ஒரு பிரசங்கம் வைப்பார். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக் கறியா, வடமராட்சிக் கறியா என்று எங்கள் ஆட்கள் கூடினால் நடக்கிற சண்டையை அந்த மனிதர் தனியாகவே நடத்திக்கொண்டிருந்தார்.

முதல்நாள் நான் மிக மரியாதையாக, வாயை மூடி, சத்தமில்லாமல் சாப்பிட்டேன். அவர் வேலையை விட்டுவிட்டு எனக்கு எதிரில் வந்து நின்றார். "சூப் சரியில்லையா?" என்றார். நல்லாயிருக்கிறது என்றேன். நம்பவில்லை. ஒரு கோப்பையில் தனக்கும் ஊற்றிக்கொண்டு, நூடில்ஸைக் குச்சியால் தூக்கி, சர்ரென்று இழுத்துக் காட்டினார். காற்றோடு இழுத்தால் சூடு ஆறும், மணம் மூக்குக்கு ஏறும், சமைத்தவனுக்கும் காது குளிரும் என்று தன்னுடைய உடைந்த டெனிஷில் விளக்கினார். பக்கத்தில் இருந்த டெனிஷ்காரர் பார்த்துக்கொண்டிருக்க, நான் காது சிவந்து, ஒரு சின்னச் சத்தம் போட்டேன். "கூட" என்றார். விட்டால்தானே!

மீன் தொழிற்சாலையில் ஐஸுக்குள் கைவிட்டு மரத்துப்போய் வருகிற எனக்கு அந்தச் சூடு பெரிய ஆறுதல். கொஞ்ச மாதங்களில் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கி, அடிவரை உறிஞ்சிக் குடித்துவிட்டு வைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். பழக்கம் பொல்லாதது.

அப்போதுதான் கோல்டிங் என்ற ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த, நான் அண்ணை என்று கூப்பிடுகிற ஒருவர் பேசிக் கொண்டுவந்தது. பெண் தமையனோடு டென்மார்க்குக்கு வந்து, அவரோடேயே இருந்தாள். எனக்கு முப்பது தாண்டிவிட்டது. எங்கள் பெண்பிள்ளைகள் அந்த நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய காலம். படத்தைப் பார்த்த நாளிலிருந்து, இவள் ஓம் என்று சொல்லவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

அண்ணையும் நானும் ரயிலில் போனோம். மத்தியானம் இடியப்பமும் சொதியும். நாகரிகமாக இருக்கட்டும் என்று குழிந்த சூப் கோப்பையும் முள்ளுக்கரண்டியும் வைத்திருந்தார்கள். கையால் குழைத்துச் சாப்பிட விட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். அவளே வந்து சொதி விட்டாள். தேங்காய்க்கு வழியில்லாமல் டெனிஷ் பாலில் வைத்த சொதி.

"இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்றாள்.

"ஓம், விடுங்கோ."

அவள் என்னோடு கதைத்த சந்தோசத்தில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. சொதியும் உண்மையிலேயே நல்ல ருசி. இழை இழையாய் இடியப்பம், சுடச்சுடச் சாறு, குழிந்த கோப்பை. கை தன்பாட்டில் அதைத் தூக்கிவிட்டது. சர்ரென்று இழுத்தேன். அந்தச் சின்ன அறையில் அது தண்ணி மோட்டர் போட்ட மாதிரிக் கேட்டது.

தமையனின் கரண்டி பாதியில் நின்றது. அண்ணை வேண்டுமென்றே பலமாக இருமி, மேசைக்குக் கீழே என் காலில் ஒரு உதை விட்டார். கோப்பை முகத்துக்கு நேரே இருந்தது. இறக்கினால் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் மிச்சத்தையும் குடித்தேன், அதுவும் சத்தத்தோடு. இறக்கியபோது அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடுவதுதான் தெரிந்தது. மானம் கப்பலேறிவிட்டது.

"மாட்டுக்குத் தவிடு வைச்ச மாதிரியல்லோ கிடந்தது," என்றார் அண்ணை ரயிலில். "சரி, யோசிச்சுச் சொல்லுறம் எண்டவை. பாப்பம்."

எனக்குப் பார்க்கப் பொறுமை இல்லை. அவர்கள் வேண்டாம் என்பதற்கு முன் நானே சொல்லிவிட்டால் கொஞ்சமாவது மானம் மிஞ்சும் என்று பட்டது. அடுத்தநாளே தமையனுக்கு போன் எடுத்து, எனக்கு இப்போது கலியாணம் சரிவராது, குறை நினையாதீர்கள் என்றேன். அவர், "சரி தம்பி" என்றார். அண்ணைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை அண்ணை வேலையிடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் மீன் வெட்டுகிற கத்தி.

"உனக்கென்ன விசரோ? அந்தப் பிள்ளை அண்டைக்கே ஓமெண்டு சொல்லிட்டுது. என்ரை சொதியை இவர் ஒருத்தராவது ரசிச்சுக் குடிச்சாரெண்டு சிரிச்சதாம். நீ போன் எடுத்து வேண்டாமெண்டிருக்கிறாய். வந்து பாத்து, வயிறு முட்டச் சாப்பிட்டிட்டு, பொம்பிளை வேண்டாமெண்டிட்டான் எண்டு கோல்டிங் முழுக்கக் கதை. தன்னிலை என்ன குறையெண்டு கேட்டு அது அழுதுகொண்டு கிடக்குதாம்."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது. பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அது பெண்ணின் தலையில்தான் விடியும் என்பது எங்கள் ஆட்களில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். என் மானத்தைக் காப்பாற்றுகிற அவசரத்தில் அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

வேலை முடிந்ததும் ரயில் நிலையத்துத் தொலைபேசிக் கூண்டுக்கு ஓடினேன். தமையன்தான் எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் தங்கச்சியில் ஒரு குறையும் இல்லை. இங்கே ஒரு ஜப்பான்காரர் கடை இருக்கிறது, அங்கே சத்தம் போட்டுத்தான் சாப்பிடவேண்டும், அது பழகிவிட்டது, அந்த வெட்கத்தில்தான் அப்படிச் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, கேட்கிற எனக்கே அது கட்டுக்கதைபோல இருந்தது.

"பிடிக்கேல்லையெண்டால் பிடிக்கேல்லையெண்டு சொல்லுங்கோ தம்பி," என்றார் அவர். "நூடில்ஸ் எண்டு ஏன் எங்களைப் பகிடி பண்ணுறியள்?"

"சத்தியமாய்ச் சொல்லுறன்."

"அப்ப அதை அவளுக்கே சொல்லுங்கோ. பக்கத்திலைதான் நிக்கிறாள்."

போன் கைமாறுவது கேட்டது. மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஓம், சொல்லுங்கோ" என்றாள்.

அவளிடமும் அந்த நூடில்ஸ் கதையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. நான் போனை வைத்துவிட்டேன்.