எந்தப் பட்டனை அழுத்தினால் பேசுவான்

பிள்ளையார்பாளையத்தில் செல்போனும் கம்ப்யூட்டரும் ரிப்பேர் பார்க்கிறவன் நான். என் கடைக்கு வருகிறவர்கள் பேசியே உயிரை எடுப்பார்கள், ஆனந்தகுமாரைத் தவிர. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து அவன் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

அவன் கோர்வைப் பட்டு நெய்கிறவன். புடவையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டையும் கோர்க்கத் தறியில் இரண்டு பேர் வேண்டும். அவன் நெய்ய, அவன் மனைவி அகிலா பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையை ஊடே விடுவாள். இழை அறுந்தால் மட்டும் யாராவது ஒருவர் "அறுந்துடுச்சு" என்பார்கள். மற்ற நேரத்தில் பேச்சே கிடையாது. பேச்சில்லை என்றால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று பொருள். தறிக்கு இது சரி. இந்த மடையன் குடும்பத்துக்கும் இதையே வைத்துக்கொண்டான்.

போன வருஷம் அவர்களுக்கு ஏழாம் மாதத்திலேயே குழந்தை இறந்து பிறந்தது. அகிலா சுவர் ஓரமாக அழுதுகொண்டே கிடந்தாள். இவன் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துகொண்டான். "உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?" என்று அவள் கேட்டாள். அதற்கும் இவனிடமிருந்து பதில் வரவில்லை. மாகறலில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு, ஒற்றை ஆளாக நெய்யக்கூடிய ஒரே நிறப் புடவைகளைத்தான் இவன் நெய்கிறான்.

சாயங்காலம் வீட்டில் இருக்க முடியாமல் என் கடைக்கு வந்துவிடுவான். நான் ஆடும் வீடியோ கேமை முதலில் வேடிக்கை பார்த்தான், பிறகு அவனே ஆட ஆரம்பித்தான். சாம்பல் கொட்டிக்கொண்டே இருக்கும் ஓர் ஊர். சனமெல்லாம் போய்விட்ட அந்த ஊரில் ஒருவன் நடந்துகொண்டே இருப்பான், வாயே திறக்கமாட்டான். கூடவே ஒரு பெண் வருவாள். நெருப்பு மூட்டி உட்காரும்போதெல்லாம் அவள் இங்கிலீஷில் ஏதோ கேட்பாள், அவன் தலையாட்டுவான்.

"அந்தப் பொண்ணு இன்னா கேக்குது?" என்றான் ஆனந்தகுமார்.

"'இருக்கியா'ன்னு கேக்குதுபா."

கதாநாயகனை ஊமையாக விடுவது இந்த மாதிரி கேம்களில் வழக்கம்தான். ஆடுகிறவன் தன் மனதில் இருப்பதை அவன் பேச்சாக வைத்துக்கொள்ளட்டும் என்று விடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கும். இவனுக்கு அது ஆகாது என்று எனக்கு உறைக்கவில்லை.

கடைசியில் ஒரு பாலம் வந்தது. அந்தப் பெண் நின்று அதே கேள்வியைக் கேட்டாள். அவன் தலையாட்டினான். இந்த முறை அவள் திரும்பிச் சாம்பலுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஆனந்தகுமார் இருக்கிற பட்டன்களையெல்லாம் மாற்றி மாற்றி அழுத்தினான்.

"எந்தப் பட்டனை அழுத்துனா இவன் பேசுவான்?"

"பேசமாட்டான்பா. கதையே அப்படித்தான்."

"அவ போய்க்கினு இருக்காளே, டேனியலு. ஒரு வார்த்தை சொன்னா நிப்பா."

திரை கறுத்ததும் அவன் எழுந்து, "மாகறலுக்கு வண்டி எடுக்கிறியா?" என்றான்.

அகிலா வாசலுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். இவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். இங்கே வந்தும் தலையாட்டிவிட்டுத் திரும்பினால் அறைந்துவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

"நான் அழுதேன், அகிலா," என்றான். "தறிக்குழியில உக்காந்து தெனமும் அழுதேன்."

"நான் அங்கதான இருந்தேன். சத்தமே வரலையே."

"சத்தம் வராமதான் அழுதேன். கேட்டா நீ இன்னும் அழுவியேன்னு."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அந்தக் கொழந்தைக்கு அழுறதுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இத்தினி நாளா தனியா அழுது முடிச்சுட்டேன். இப்ப வந்து சொல்றீங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நேரம் ஆவறதுக்குள்ள இவரைக் கூட்டிக்கினு போங்க."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. வழியெல்லாம் அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தான். எனக்குத் தெரிந்து அவன் யாரையும் அப்படிப் பிடித்ததில்லை.

மறுநாள் சாயங்காலமும் கடைக்கு வந்தான். அந்த கேமை முதலிலிருந்து ஆரம்பித்தான். முதல் நெருப்பு வந்தது. அந்தப் பெண் கேட்டாள்.

"இருக்கேன்," என்றான் ஆனந்தகுமார், வாய்விட்டு.

சார்ஜர் வாங்க வந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். திரையில் அந்த ஊமை வழக்கம்போலத் தலையாட்டினான்.

"இருக்கேன்மா," என்று இவன் மறுபடியும் சொன்னான். நான் கடையை மூடும்வரை அந்த நெருப்பைத் தாண்டி அவன் நடக்கவே இல்லை.